10-க்கு 14 மில்லிமீட்டர்: சப்மினியேச்சர் கேமராவைப் புரிந்துகொள்வது எப்படி?

என்னிடம் ஒரு மினோல்டா 16 இருக்கிறது. 1950-களின் கடைசியில் ஜப்பானில் வந்த ஃபிலிம் கேமரா. இரண்டு தீப்பெட்டிகளை நீளவாக்கில் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் இதைக் கையில் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இது உளவாளிகள் வைத்திருப்பதுதானே?" அடுத்த கேள்வி, "இதில் நிஜமாகவே படம் விழுமா?"

கேள்விகளில் தப்பே இல்லை. புழக்கத்தில் இருக்கிற பதில்கள்தான் அரைகுறையாக இருக்கின்றன. லென்ஸ் சின்னது, அதனால் வெளிச்சம் பத்தாது என்பார்கள். மட்டமான சரக்கு, அதனால்தான் படம் புள்ளி புள்ளியாக வருகிறது என்பார்கள். ஃபோகஸே செய்ய வேண்டாத அதிசயக் கேமரா என்று புகழ்கிறவர்களும் உண்டு. இந்த மூன்றுமே சரியில்லை. இந்தக் கேமராவின் நல்லதும் கெட்டதும் ஒரே ஓர் அளவிலிருந்து கிளம்புகின்றன. அந்த அளவைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிவிடும்.

சின்னது எது? கேமராவா, படமா?

தோசை எவ்வளவு பெரிதாக வரும் என்பது கல்லைப் பொறுத்தது. அடுப்பு எவ்வளவு பெரியது என்று யாரும் பார்ப்பதில்லை. கேமராவும் அப்படித்தான். உடல் எவ்வளவு பெரியது என்பது இரண்டாம் பட்சம். உள்ளே ஃபிலிமில் ஒரு படம் விழுகிற செவ்வகம் எவ்வளவு பெரியது என்பதுதான் விஷயம். அந்தச் செவ்வகத்துக்கு ஃபிரேம் என்று பெயர்.

நம் வீடுகளில் இருந்த சாதாரண ஃபிலிம் கேமராவின் ஃபிரேம் 24-க்கு 36 மில்லிமீட்டர். 35 மி.மீ. அகலமுள்ள ஃபிலிமில் விழுவது. இன்று இதை 'வழக்கமான அளவு' என்கிறோம். ஆனால் 1925-இல் லைக்கா கேமரா சினிமா ஃபிலிமை எடுத்து இந்த ஃபிரேமில் படம் பிடிக்க ஆரம்பித்தபோது, அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்களுக்கு அது மிகச் சின்னதாகத் தெரிந்தது. அவர்கள் கண்ணாடித் தகட்டிலும் அகலமான ரோல் ஃபிலிமிலும் பழகியவர்கள். அதனால் 35 மி.மீ. கேமராவுக்கே 'மினியேச்சர்' என்று பெயர் வந்தது. அதற்கும் கீழே போன கேமராக்களுக்கு 'சப்மினியேச்சர்' என்று பெயர் வைத்தார்கள். பெயரில் இருக்கிற குழப்பத்துக்குக் காரணம் இதுதான். நாம் சாதாரணம் என்று நினைப்பதே ஒரு காலத்தில் மினியேச்சர்.

மினோல்டா 16-இன் ஃபிரேம் 10-க்கு 14 மி.மீ. உங்கள் சுண்டுவிரல் நகத்தைப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். பரப்பளவு 140 சதுர மி.மீ. 35 மி.மீ. கேமராவின் ஃபிரேமோ 864 சதுர மி.மீ. அதாவது, அந்த ஒரு ஃபிரேமுக்குள் மினோல்டாவின் ஃபிரேம் ஆறு அடங்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சப்மினியேச்சர் என்பது ஃபிரேமைக் குறிக்கிற சொல். 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சின்ன ஃபிலிமில், சின்ன ஃபிரேமில் படம் எடுக்கிற கேமரா. ஃபிரேம் சின்னது என்பதால்தான் உடலும் சின்னதாக முடிகிறது.

10 என்ற எண் எங்கிருந்து வந்தது?

கேமராவின் பெயரில் இருக்கிற 16 என்பது ஃபிலிமின் அகலம், மில்லிமீட்டரில். லென்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1923-இல் கோடாக் நிறுவனம், வீட்டில் சொந்தமாகச் சினிமா எடுக்க விரும்புகிறவர்களுக்காக இந்த 16 மி.மீ. ஃபிலிமைக் கொண்டுவந்தது. சினிமா ஃபிலிம் என்றால் ஓரத்தில் துளைகள் இருக்கும். புரொஜெக்டரின் பற்கள் அந்தத் துளைகளில் மாட்டித்தான் ஃபிலிமை இழுக்கும். இரண்டு ஓரத்திலும் துளை உள்ள 16 மி.மீ. ஃபிலிமில், துளைகளுக்கு நடுவே படம் விழ மிஞ்சுகிற இடம் கிட்டத்தட்ட 10 மி.மீ. அகலம். மினோல்டாவின் 10 அந்த இடம்தான். 14 என்பது ஃபிலிமின் நீளவாக்கில் எடுத்துக்கொண்டது.

பின்னால் 1969 வாக்கில் வந்த மினோல்டா 16 எம்.ஜி.எஸ். மாடலில் ஃபிரேம் 12-க்கு 17 மி.மீ. ஆனது. அது எப்படி முடிந்தது என்றால், ஒரு பக்கம் மட்டும் துளை உள்ள ஃபிலிமையோ துளையே இல்லாத ஃபிலிமையோ போட்டார்கள். அந்த ஓரம் விடுதலையானதும் படம் அகலமாயிற்று. வேறொரு வழியில் போன கேமராக்களும் உண்டு. 'ஹிட்' என்ற பொடிக் கேமராக்கள் 17.5 மி.மீ. ஃபிலிம் போட்டன, அதாவது 35-இல் சரிபாதி. அவற்றின் ஃபிரேம் 14-க்கு 14.

ஜப்பானும், உளவாளிக் கதையும்

உளவாளிப் பட்டம் உண்மையில் மினாக்ஸ் என்ற வேறு ஒரு கேமராவுக்கு உரியது. வால்டர் ஸாப் வடிவமைத்து, லாட்வியாவின் ரீகா நகரில் 1938-இல் உற்பத்திக்கு வந்தது அது. ஃபிரேம் 8-க்கு 11 மி.மீ. ஆவணங்களைக் கிட்டத்தில் வைத்துப் படம் பிடிக்க வசதியானது. உளவுத் துறைகள் அதை உபயோகித்தது தெரிந்த விஷயம்தான். அந்தப் புகழ் அப்புறம் கைக்கு அடக்கமான எல்லாக் கேமராக்களின் மேலும் ஒட்டிக்கொண்டது.

ஜப்பானில் நடந்தது வேறு. போருக்குப் பின் 1945 முதல் 1952 வரை அந்த நாடு நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்தது. ஏற்றுமதி செய்து பிழைக்க வேண்டிய நிலை. கைக்குள் அடங்கும் கேமராக்கள் நினைவுப் பொருளாகவும் விளையாட்டுப் பொருளாகவும் நிறைய விற்றன. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரானது' என்று பொறித்த ஹிட் வகைக் கேமராக்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றைப் பொம்மை என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதே காலத்தில் கருத்தோடு செய்த கேமராக்களும் வந்தன. 1949-இல் மமியா 16. 1950-இல் கோனான் 16 ஆட்டோமாட். இந்தக் கோனானைத்தான் சியோடா கோகாகு என்ற ஒசாகா நிறுவனம் எடுத்துக்கொண்டு, 1957-இல் மினோல்டா 16 ஆக வெளியிட்டது. அந்த நிறுவனமே பின்னால் 1962-இல் மினோல்டா என்று பெயர் மாற்றிக்கொண்டது. அவர்களுடைய லென்ஸ்களுக்கு 'ரொக்கோர்' என்று பெயர். தொழிற்சாலைப் பக்கம் இருக்கிற ரொக்கோ மலையின் பெயரை வைத்தது. எனக்கு ரொம்பப் பிடித்த பெயர் அது.

இந்த மினோல்டாவை வெள்ளி நிறத்தில் மட்டுமல்ல, தங்க நிறம், சிவப்பு, நீலம், பச்சை என்றெல்லாம் விற்றார்கள். ஒளித்து வைத்துப் படமெடுக்கச் செய்த பொருளுக்கு இந்த நிறங்கள் தேவையில்லை. சட்டைப் பையிலும் கைப்பையிலும் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிற சாதாரண மனிதர்களுக்காகச் செய்தது இது.

இயக்குகிற விதமும் அப்படித்தான். இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் கேமரா நீளும்; லென்ஸும் பார்க்கிற ஜன்னலும் திறக்கும். மறுபடி உள்ளே தள்ளினால் மூடிக்கொள்ளும். இந்த ஓர் இழுப்பும் தள்ளலும் சேர்ந்து ஃபிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்திவிடுகின்றன, ஷட்டரையும் தயார் செய்துவிடுகின்றன. ஷட்டர் என்பது குறித்த நேரம் மட்டும் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடுகிற கதவு. முதல் மினோல்டா 16-இல் அந்தக் கதவுக்கு மூன்று வேகம்தான்: ஒரு வினாடியில் 25-இல் ஒரு பங்கு, 50-இல் ஒரு பங்கு, 200-இல் ஒரு பங்கு. பேட்டரி கிடையாது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆன என் கேமராவில் இந்த இழுப்பு இன்றும் வழவழவென்று ஓடுகிறது.

புள்ளி புள்ளியாக வருவது ஏன்?

இதைச் சொல்ல மொசைக் தரையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மொசைக்கில் கலர் கலராகக் கல்துண்டுகள் இருக்கும். பெரிய கூடத்தின் தரையில் அந்தத் துண்டுகளை வைத்து ஒரு முகத்தையே வரைந்துவிடலாம். கண், புருவம், உதடு எல்லாம் வரும். அதே அளவுத் துண்டுகளை வைத்துக் குளியலறைத் தரையில் அந்த முகத்தை வரையச் சொன்னால் என்ன ஆகும்? ஒரு கண்ணுக்கு நாலு துண்டுதான் கிடைக்கும். துண்டு மட்டமானது என்று சொல்ல முடியுமா? இடம்தான் குறைவு.

ஃபிலிமில் இருப்பதும் அப்படிப்பட்ட துண்டுகள்தான். வெளிச்சம் பட்டால் மாறுகிற வெள்ளி உப்பின் பொடிப் படிகங்கள் ஃபிலிமின் மேல் பூசப்பட்டிருக்கும். கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கழுவிய பிறகு, படம் என்பது அந்தப் படிகங்களிலிருந்து உண்டான வெள்ளித் துகள்களின் கூட்டம். படத்தில் மணல் போலத் தெரிகிற இந்தத் துகள்தன்மையைக் கிரெயின் என்கிறோம். முக்கியமான விஷயம் இது: ஒரே வகை ஃபிலிம் என்றால், பெரிய கேமராவில் போட்டாலும் சின்னக் கேமராவில் போட்டாலும் துகளின் அளவு ஒன்றுதான். கேமரா சுருங்கியது என்பதற்காகத் துகளும் சேர்ந்து சுருங்காது.

இப்போது பிரிண்ட் போடுவோம். போஸ்ட்கார்டு அளவு, அதாவது 4-க்கு 6 அங்குலம். 35 மி.மீ. நெகட்டிவை நாலு மடங்குக்குச் சற்று மேல் பெரிதாக்கினால் போதும். மினோல்டாவின் நெகட்டிவைப் பத்து பதினொரு மடங்கு பெரிதாக்க வேண்டும். 8-க்கு 10 அங்குலம் போட வேண்டுமென்றால் இருபது மடங்கு. படம் பெரிதாகும்போது துகளும் அத்தனை மடங்கு பெரிதாகும். துகள் மட்டுமா? ஃபிலிமில் ஒட்டிய தூசி, கழுவும்போது விழுந்த கீறல், பட்டனை அழுத்தும்போது கை ஆடிய ஆட்டம், எல்லாமே அதே மடங்கில் பெரிதாகும். அதனால்தான் இந்தக் கேமராவை மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டியிருக்கிறது.

லென்ஸின் மேல் பழி போடுவது எவ்வளவு தவறு என்பதும் இங்கே தெரியும். இருபது மடங்கு பெரிதாக்கியும் படம் தாங்க வேண்டுமென்றால், லென்ஸ் பெரிய கேமராவின் லென்ஸைவிடக் கூர்மையாக வரைந்தாக வேண்டும். நல்ல சப்மினியேச்சர் கேமராவின் லென்ஸ் ஒரு மில்லிமீட்டருக்குள் அடைக்கிற விவரம் சாதாரணமானது அல்ல.

சுருக்கமாக: கிரெயின் தெரிவது ஃபிலிம் அதிக மடங்கு பெரிதாக்கப்படுவதால். லென்ஸ் சின்னதாக இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சின்ன லென்ஸ் என்றால் வெளிச்சம் குறைவா?

ஒரு பெரிய கூடம், அதற்கு ஒரு பெரிய ஜன்னல். ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு சின்ன ஜன்னல். அறையின் அளவுக்கும் ஜன்னலின் அளவுக்கும் உள்ள விகிதம் ஒன்றாக இருந்தால், இரண்டு இடத்திலும் சுவரில் விழுகிற வெளிச்சமும் ஒன்றுபோல இருக்கும். சின்ன ஜன்னல் வழியே வருகிற மொத்த வெளிச்சம் குறைவுதான். ஆனால் அது நிரப்ப வேண்டிய இடமும் குறைவு.

லென்ஸின் மேல் எழுதியிருக்கிற எஃப் எண் இந்த விகிதம்தான். லென்ஸ் ஒளியைக் குவிக்க எடுத்துக்கொள்கிற தூரத்தைக் குவிய தூரம் என்பார்கள். அதை, ஒளி நுழைகிற துவாரத்தின் குறுக்களவால் வகுத்தால் எஃப் எண் வரும். மினோல்டா 16-இன் லென்ஸ் 25 மி.மீ., எஃப் 3.5. துவாரம் சுமார் 7 மி.மீ. ஒரு 50 மி.மீ. லென்ஸுக்கு அதே எஃப் 3.5 வேண்டுமென்றால் 14 மி.மீ.-க்கு மேல் துவாரம் வேண்டும். ஆனால் ஃபிலிமில் ஒவ்வொரு புள்ளியிலும் விழுகிற வெளிச்சம் இரண்டிலும் ஒன்றே. 'சின்ன லென்ஸ், இருட்டுப் படம்' என்ற பேச்சை இத்துடன் விட்டுவிடலாம்.

ஃபோகஸ் வேண்டாத அதிசயம்

இதுதான் எல்லாவற்றிலும் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது. மினோல்டா 16-இல் தூரம் வைக்கிற வளையம் கிடையாது. (மமியா 16 வரிசையில் உண்டு.) லென்ஸைத் தொழிற்சாலையிலேயே ஒரு தூரத்துக்கு வைத்து இறுக்கிவிட்டார்கள். அப்படியிருந்தும் பக்கத்திலிருக்கிற ஆளும் தூரத்து மலையும் ஒரே படத்தில் தெளிவாக வருவது எப்படி?

கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர் பஸ் ஸ்டாப்பில் என்ன செய்வார்? தூரத்தில் வருகிற பஸ்ஸின் நம்பரைப் படிக்கக் கண்ணை இடுக்கிக்கொள்வார். நம்பர் கொஞ்சம் தெளிவாகும். கண்ணுக்குள் நுழைகிற ஒளியின் வழி ஒடுங்குகிறது; அதனால் மங்கலும் ஒடுங்குகிறது. அதே தத்துவம்தான் இங்கேயும்.

எந்த லென்ஸும் ஒரே ஒரு தூரத்தைத்தான் மிகச் சரியாக வரையும். மற்றத் தூரத்தில் இருக்கிற ஒரு புள்ளி, ஃபிலிமில் புள்ளியாக விழாமல் ஒரு சின்ன வட்டமாக விழும். அந்த வட்டம் போதிய அளவு சின்னதாக இருந்தால் நம் கண் அதைப் புள்ளி என்றே ஏற்றுக்கொள்ளும். இப்படிக் கண் ஏற்றுக்கொள்கிற, முன்னும் பின்னுமான தூர எல்லைக்கு டெப்த் ஆஃப் ஃபீல்ட் என்று பெயர். துவாரம் சின்னதானால் வட்டம் சின்னதாகும், எல்லை விரியும். குவிய தூரம் குறைந்தாலும் எல்லை விரியும். சப்மினியேச்சரில் இரண்டுமே சின்னவை. ஃபிலிமை அதிக மடங்கு பெரிதாக்கும்போது அந்த வட்டமும் பெரிதாகும் என்பது உண்மைதான். அதைக் கழித்த பிறகும் லாபம் மிஞ்சுகிறது.

எவ்வளவு லாபம்? வழக்கமான அளவுகோலை வைத்துக் கணக்குப் போட்டால், 25 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் சுமார் 7 மீட்டருக்கு வைத்துவிட்டால், மூன்றரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் ஏற்கத்தக்க தெளிவில் இருக்கும். அதே காட்சியை அதே கோணத்தில் ஒரு 35 மி.மீ. கேமராவில், அதே எஃப் 8-இல் எடுத்தால், தெளிவு எட்டரை மீட்டர் வாக்கில்தான் தொடங்கும். எதிரே நிற்கிற நண்பர் இரண்டாவது கேமராவில் மங்கிப் போவார்.

ஆக, ஃபோகஸ் 'வேண்டாம்' என்பது சரியான சொல் அல்ல. ஃபோகஸ் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது. அதன் தப்பைச் சின்ன ஃபிரேம் மன்னித்துவிடுகிறது, அவ்வளவுதான். அந்த மன்னிப்புக்கும் வரம்பு உண்டு. வெளிச்சம் குறைந்து துவாரத்தை முழுக்கத் திறந்தால் எல்லை சுருங்கிவிடும். ஒரு மீட்டரில் இருக்கிற பூவை எடுக்கக் குளோசப் லென்ஸை முன்னால் செருகித்தான் ஆக வேண்டும். ஆளைத் தெளிவாகவும் பின்னணியை மங்கலாகவும் எடுக்கிற ஆசை இருந்தால், அதற்கு இந்தக் கேமரா உதவாது.

உங்கள் பையில் இருப்பதும் சப்மினியேச்சர்தான்

செல்போனில் ஃபிலிமுக்குப் பதில் சென்சார் இருக்கிறது. விலை உயர்ந்த சில போன்களில் '1 இன்ச்' என்று விளம்பரம் செய்கிற சென்சாரின் உண்மை அளவு 13.2-க்கு 8.8 மி.மீ. மினோல்டாவின் ஃபிரேமைவிடச் சின்னது! மற்ற போன்களில் இன்னும் சின்னது. போன் படத்தில் முன்னும் பின்னும் எல்லாமே தெளிவாக இருப்பதற்குக் காரணம் மேலே சொன்ன அதே கணக்குதான். பின்னணியை மங்கலாக்க 'போர்ட்ரெய்ட்' என்று ஒரு பட்டனை வைத்து மென்பொருளால் மங்கலை வரைய வேண்டியிருப்பதும் அதனால்தான். வித்தியாசம் என்னவென்றால், சின்னச் சென்சாரில் வருகிற இரைச்சலை, அதாவது படத்தில் தெரிகிற பொடிப் புள்ளிகளைப் போன் பல படங்களை ஒன்றின் மேல் ஒன்று சேர்த்துத் துடைத்துவிடும். ஃபிலிமுக்கு அந்த வசதி இல்லை. விழுந்தது விழுந்ததுதான்.

ஒன்று வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொண்டு. மினோல்டா 16-க்கு ஒரு தனிக் கேசட் உண்டு: இரண்டு சின்ன அறைகள், நடுவே ஒரு பாலம். ஃபிலிம் ஓர் அறையிலிருந்து கிளம்பி மற்றதில் போய்ச் சேரும், திரும்பச் சுற்ற வேண்டியதில்லை. 20 படங்கள். கேசட் இல்லாமல் கேமரா மட்டும் வந்தால் அதில் படம் எடுக்க முடியாது. நான் முதலில் வாங்கியதில் கேசட் இல்லை. தேடிப் பிடிக்கப் பல மாதங்கள் ஆயிற்று.

அந்தக் கேசட்டில் அடைத்த ஃபிலிம் இன்று சாதாரணக் கடைகளில் கிடைக்காது. 1972-இல் கோடாக் 110 என்ற பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தது. உள்ளே இருந்தது அதே 16 மி.மீ. அகல ஃபிலிம், ஃபிரேம் 13-க்கு 17. கேமராவில் போட்டு மூடினால் வேலை முடிந்தது. ஆளுக்கொரு கேசட் வைத்திருந்த ஜப்பானிய 16 மி.மீ. கேமராக்களின் காலம் அத்தோடு முடியத் தொடங்கியது. 1978-இல் பெண்டாக்ஸ் அந்த 110 ஃபிலிமுக்கே லென்ஸ் மாற்றக்கூடிய ஒரு குட்டி எஸ்.எல்.ஆர். (படமெடுக்கிற லென்ஸ் வழியாகவே பார்க்கிற கேமரா) செய்தது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

நல்லவேளையாக, மினோல்டாவின் கேசட்டைத் திறந்து மறுபடி நிரப்பலாம். 16 மி.மீ. சினிமா ஃபிலிமிலிருந்து சுமார் 45 செ.மீ. வெட்டி, முழு இருட்டில் சுற்றி உள்ளே வைக்க வேண்டும். முதலில் ஒரு வீணான துண்டை வைத்து வெளிச்சத்தில் பத்துத் தடவை பழகிக்கொள்ளுங்கள். ஃபிலிம் வாங்கும்போது வேகம் (வெளிச்சத்தை உணர்கிற திறன்; ஐ.எஸ்.ஓ. எண் அதைச் சொல்லும்) குறைந்ததாக, ஐ.எஸ்.ஓ. 100 அல்லது அதற்கும் கீழே பாருங்கள். பொதுவாக வேகம் குறைந்த ஃபிலிமில் துகள் பொடியாக இருக்கும். இந்த ஃபிரேமுக்கு அதுதான் பெரிய உதவி. நல்ல வெயிலில், ஷட்டரை 200-இல் வைத்து எடுங்கள். கை ஆட்டம் குறையும்.

பிரிண்ட் போடும்போது பெரிதாகப் போட ஆசை வரும். நான் பழைய ஆல்பங்களில் இருக்கிற அளவிலேயே, 6-க்கு 9 செ.மீ. அளவில், வெள்ளைக் கரை விட்டுப் போடுகிறேன். ஆறு மடங்குக்குச் சற்று மேல்தான் பெரிதாக்குகிறேன். அந்த அளவில், கையில் வைத்துப் பார்க்கிறவர்கள் இது நகத்தளவு நெகட்டிவிலிருந்து வந்தது என்பதை நான் சொன்ன பிறகுதான் நம்புகிறார்கள்.